வெறும் வயிற்று விலை

பாம்பன் தெற்குவாடியில்
இருபத்தாறு வருஷமாக மீன் ஏலம் கூறுகிறேன்.
கச்சான் அடிக்கிற நாளிலும்
பாலத்தில் ரயில் ஊர்கிற நேரத்திலும்
கடைசி வரிசை வியாபாரிக்கு விலை கேட்டுவிடும்.
கஸ்பார் தொண்டை என்பார்கள்,
ஏதோ ஒரு ஊர்ப் பெயரைப் போல.

ராமநாதபுரத்து லேபில் றாபியா
தொழில் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டு
ரத்தம் எடுத்தாள்.
மறுநாள் தாளில் இருந்தது:
வெறும் வயிற்றில் இன்சுலின் முப்பத்தொன்று.
சர்க்கரை தெரியும், இது என்னம்மா என்றேன்.
"சர்க்கரை சரக்கு, அண்ணாச்சி.
இது அதைக் கூறுகிறவன் சத்தம்.
வாங்குகிறவனுக்குக் காது மந்தம்.
அதான் இவன் இந்தக் கத்துக் கத்துறான்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து
தாளை நாலாக மடித்தேன், எட்டாக மடித்தேன்.
உள்ளே ஒருவன்
விடியுமுன் எழுந்து, நான் தூங்கும்போதும்
கூவிக்கொண்டே இருந்திருக்கிறான்.
ஒரு கூடையும் நகரவில்லை.
ஏலத்துக்கு ஒரு டீ, டீக்கு நாலு கரண்டி சீனி,
ராத்திரி ஒன்பதரைக்குப் பரோட்டா;
அவன் தலையில் சரக்கு இறக்கியது
நான்தான்.

லெப்டின் என்று இன்னொன்று.
போதும் என்று உடம்புக் கொழுப்பு எழுதியனுப்பும் சீட்டாம்.
என்னிடம் சீட்டு கட்டுக்கட்டாகக் கிடந்தது,
பிரித்துப் படிக்கத்தான் ஆளில்லை.

ஏப்ரல் பதினைந்து.
விசைப்படகுகள் கயிற்றில் நின்றன.
மீன் சினைக்கட்டும் என்று
அறுபத்தோரு நாள் கடலை விட்டுவைக்கிற காலம்.
எனக்கும் தடைக்காலம் என்றேன் ரெஞ்சிதத்திடம்.
அவள் சிரிக்கவில்லை.
சீனி டப்பாவை அடுத்த வீட்டில் கொடுத்தாள்.
மறுநாள் நானே போய் வாங்கி வந்தேன்.
அதற்கு மறுநாள் மறுபடி கொடுத்தாள்,
இந்தமுறை தெருக்கோடி வீட்டில்.

ஆண்கடலில் தொடங்கிப் பெண்கடலில் முடிகிற நடை.
இடையில் ஊர், தண்டவாளம், ஆறு நாய்.
முதல் வாரம் ரயில்வே கேட்டருகே
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு
ரயிலுக்காக நிற்பதுபோல் நின்றேன்.
கேட் திறந்துதான் இருந்தது.
பொழுது சாயுமுன் சூடைக் குழம்பும் கேப்பைக் களியும்,
அதோடு அடுப்பு அணைந்துவிடும்.
நடுச்சாமத்தில் பசி கதவைச் சுரண்டும்.
தங்கச்சிமடத்துக் கல்யாணத்தில் திறந்துவிட்டேன்.
மூன்று நாள்.
அதை றாபியாவிடம் சொல்லவில்லை,
ரத்தம் சொல்லியிருக்கும்.

ஐம்பத்தெட்டாம் நாள்: பத்தொன்பது.
விலை இறங்கியதற்கு
வாழ்க்கையில் முதல்தடவை சந்தோஷப்பட்டேன்.
இன்னும் கத்தல்தான்,
ஆனால் தெருமுனையோடு நிற்கிற கத்தல்.
அடிபோனெக்டின் ஒன்று மட்டும் ஏறணும் என்றாள்.
மூன்று புள்ளி ஒன்று, நாலு புள்ளி எட்டாகியிருந்தது.
கொழுப்பிலிருந்தே ஊறுகிறதாம்,
கொழுப்பு குறையக் குறையக் கூடுகிறதாம்.
எனக்கு அது புதிதில்லை.
வரத்து குறைந்த நாளில்
சீலா விலை எங்கே நிற்கும் என்று
வாடியில் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

ஜூன் பதினாறு, படகுகள் திரும்பின.
பச்சை பெல்ட்டில் துளை போதவில்லை.
ஆணியைச் சுடவைத்துப் புதிதாக ஒன்று போட்டேன்,
கோணலாக விழுந்தது.
முதல் கூடை விளமீன்.
ஒரு தரம் என்றதுமே
நாகூர்கனி விரலைத் தூக்கினார்.
தூக்கிவிடக் குனிந்தபோது
வயிறு மூச்சை மறிக்கவில்லை.
அதைப் பார்த்தவர் யாருமில்லை.

செப்டம்பரில் மறுபடி ஊசி.
பத்துக்குக் கீழே வருமா, தெரியாது.

டீக்கடைத் தம்பி வழக்கம்போல்
நாலு கரண்டி போட்ட கிளாஸை நீட்டினான்.
வேண்டாம் என்றேன்.
ஐஸ் உடைக்கிற சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.
பக்கத்தில் போய்
இன்னும் மெல்லச் சொன்னேன்.